பெயர்கள் காட்டிய வழி

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், எங்கள் தீவுகளுக்குத் தம்மூர்ப் பெயர்களைச் சூட்டினர். வேலணை லெய்டன் ஆயிற்று, நயினாதீவு ஹார்லம், காரைதீவு அம்ஸ்ரடாம், நெடுந்தீவு டெல்ப்ற்.

வேலணையிற் பிறந்த நாங்கள் ஒல்லாந்து செல்ல எண்ணியபோது, பயண முகவர் துலிப் மலர்களும் காற்றாலைகளும் அடங்கிய ஆயத்தத் திட்டமொன்றை நீட்டினார். அதை விடுத்து, இப்பெயர்களையே வழிகாட்டியாகக் கொண்டோம். வரைபடத்தை விரித்தால் வியப்பு! 1839இல் அம்ஸ்ரடாமிலிருந்து ஹார்லம் வரை ஓடத் தொடங்கிய அந்நாட்டின் முதற் புகையிரதப் பாதை, பின்னர் லெய்டன், ஹேக், டெல்ப்ற் வழியாக 1847இல் றொட்டடாமை எட்டியது. நான்கு ஊர்களும் ஒரே பாதையில்! ஹேக் நகரின் தேசிய சுவடிக்கூடத்திலே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஏடுகள் உள்ளன; அதற்கும் ஒருநாள் ஒதுக்கினோம்.

திட்டத்தைக் கேட்ட ஆச்சி, "எங்கட நெடுந்தீவைப் பிள்ளையளுக்குக் காட்டிப்போட்டு அங்க போங்கோவன்" என்றார்.

கொழும்பில் வளரும் பிள்ளைகளுக்கு அது வேண்டியதே. ஆதலின் எங்கள் பயணத்தின் முதல்நாள் குறிகட்டுவான் இறங்குதுறையில் தொடங்கும். படகேறி நெடுந்தீவு சென்று, பவளக்கல் அடுக்கிய வேலிகளையும் கட்டாக்காலிக் குதிரைகளையும் காண்போம். இரவல் பெயருக்குரிய ஊரைப் பார்க்குமுன், சொந்தப் பெயருக்குரிய மண்ணை மிதிப்பதுதானே முறை?