எத்தனை வருஷமாக, எத்தனை நாளைக்கு

கினிகத்தேனைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆங்கிலம் படிக்கும்போது பதிலில் தடுமாறுவதைவிடக் கேள்வியில் தடுமாறுவதுதான் அதிகம். 'வேர் ஆர் யூ ஃப்ரம்?' என்றால் சொந்த ஊர் எது என்று கேட்பது. 'வேர் ஆர் யூ கமிங் ஃப்ரம்?' என்றால் பெரும்பாலும் இப்போது எங்கேயிருந்து வருகிறாய் என்பது. முதலாவதற்குத் தோட்டத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். அடுத்ததற்கு அட்டன் பஸ் ஸ்டாண்ட் என்றாலே போதும். நம் பேச்சில் 'எங்கேருந்து வர்றீங்க?' என்ற ஒரே கேள்வி இரண்டு வேலையையும் பார்த்துவிடும். முகத்தையும் கையிலுள்ள பையையும் பார்த்துப் பொருளைப் பிடித்துக்கொள்கிறோம். பரீட்சைத் தாளுக்கு முகம் கிடையாது.

அடுத்த சோடி இன்னும் நுணுக்கமானது. 'ஹவ் லாங் ஹாவ் யூ பீன் ஹியர்?' என்பது எத்தனை காலமாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கிறது. 'ஹவ் லாங் ஆர் யூ ஹியர் ஃபோர்?' என்பது எத்தனை நாளைக்கு இருப்பீர்கள் என்று கேட்கிறது. கித்துல்கலையில் படகுச் சவாரிக்கு வரும் வெளிநாட்டுக்காரரிடம் இரண்டாவதைத் தாராளமாகக் கேட்கலாம். இங்கேயே பிறந்து வளர்ந்தவரிடம் கேட்டால், எப்போது கிளம்பப் போகிறீர்கள் என்று கேட்டதாகிவிடும். 'ஹவ் லாங் டிட் யூ லிவ் ஹியர்?' என்றால் ஆள் ஏற்கெனவே போய்விட்டார் என்றே வைத்துக் கேட்பது.

இதெல்லாம் வெறும் இலக்கணம் என்று, இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த மலையகத்தார் ஒதுக்கிவிட முடியாது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் 'எங்கே பிறந்தீர்கள்?' என்பதோடு நிற்கவில்லை. அப்பா இலங்கையில் பிறந்தவரா, இல்லையென்றால் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களா என்று தோண்டியது. லயம் எனும் தோட்டத்து வரிசை வீடுகளில் பிறந்த பலருக்குத் தங்கள் பிறப்பையே காட்டத் தாள் இல்லை. பூட்டனின் பிறப்புக்கு எங்கே போவது? இலட்சக்கணக்கானோர் நாடற்றவர்களானார்கள்.

1964இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மீதி 150,000 பேரின் விஷயத்தைப் பிறகு பேசுவது என்று இரு நாடுகளும் முடிவு செய்தன. கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களை நோக்கி எழுந்த கேள்வி, எத்தனை நாளைக்கு இருப்பீர்கள் என்பதுதான்.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் கேள்வியையே மாற்றியது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்துவரும் இந்திய வம்சாவளியினரா, அல்லது அவர்களின் வழிவந்து இங்கே வசிப்பவரா என்று கேட்டது. பூட்டனின் ஊர் அதற்குத் தேவைப்படவில்லை. அதே மக்கள், அதே லயம், அதே மலை. முதல் கேள்வியில் அந்நியராக நின்றவர்கள் இந்தக் கேள்வியில் குடிமக்களானார்கள்.

ஆகவே ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கேள்வி வாக்கியங்களை நடத்தும்போது லண்டன் விமான நிலையத்து உதாரணங்களோடு இந்த மூன்று ஆண்டுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விடை எழுதுவதற்கு முன் கேள்வி எந்தக் காலத்தில் நிற்கிறது, எதை முடிந்த விஷயமாக வைத்துக் கேட்கிறது என்று பார்க்கப் பழக்குங்கள். பரீட்சை முடிந்த பிறகும் நம் பிள்ளைகள் நிறையப் படிவங்களை நிரப்ப வேண்டியிருக்கிறது.