தகரக் கூரைக்குக் கீழே இளையராஜா

ஜூன் 14, 2025, சனி
ஊர்: ஸ்ரீவிஜயபுரம். வாயில் வருவது இன்னும் பழைய பெயரான போர்ட் பிளேர்தான்.
சென்னையிலிருந்து கப்பலில் வந்த மானிட்டர் ஸ்பீக்கர்களைக் கூடத்தில் வைத்தாயிற்று. முதலில் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ (1986) ஆல்பம். வி. எஸ். நரசிம்மனின் வயலின் வில் கம்பியில் உரசித் திரும்புவதுகூடக் கேட்கிறது. அடுத்து எழுபதுகளின் சினிமாப் பாட்டு. டேப்பின் ‘உஸ்’, பாடகி மூச்சிழுப்பது, ஒவ்வொரு ‘ச’வும் ஊசி. பாதியில் மாற்றினேன். அடுத்ததையும் பாதியில்.

ஜூன் 15, ஞாயிறு
விடாத மழை. தகரக் கூரைச் சத்தத்தில் முதலில் அமுங்குவது அந்த நுணுக்கங்கள்தான். வால்யூமைக் கூட்டினால் காது வலிக்கிறது. 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை மனிதக் காதுக்குக் கூர்மை அதிகம். துல்லியம் என்று விற்கிறார்களே, அதில் பாதி அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிவிடுவதுதானோ என்று சந்தேகம். கடையில் ஐந்து நிமிஷம் கேட்டால் பிரமிப்பு. வீட்டில் ஒரு மணி நேரத்தில் தலைவலி.

ஜூன் 17, செவ்வாய்
பக்கத்து வீட்டு மாமா வந்தார். எண்பதைத் தொடுகிறவர், ரேடியோ கேட்டே வளர்ந்தவர்.
“அந்தம்மா மூச்சு விடுறது நமக்கு எதுக்கு தம்பி? நீங்க ஒரு பாட்டையும் முடிய விடலையே.”
மத்திய அலை ரேடியோப் பெட்டிகளில் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அநேகமாக ஒன்றும் வராது. அதில்தான் அவர் ஆயிரக்கணக்கான பாட்டு கேட்டிருக்கிறார். ஆனால் ராஜாவின் பேஸ் கிடார் அந்தப் பெட்டியில் ஏது? தவிர, எண்பது வயதுக் காதுக்கு மேல்சுருதி ஒலிகள் எட்டாது. மாமாவின் தீர்ப்பை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஜூன் 18, புதன்
ஸ்பீக்கர்களின் முகத்தை என் காதிலிருந்து சற்று விலக்கித் திருப்பினேன். சுவரை ஒட்டித் தள்ளியதும் பேஸ் ஏறியது. ஜன்னலுக்குத் தடித்த திரை. ஒலியைக் குறைத்தால் பேஸ்தான் முதலில் காதுக்கு எட்டாமல் போகும் என்று ஒலி ஆய்வாளர்கள் ஃபிளெச்சரும் மன்சனும் 1933இலேயே காட்டிவிட்டார்கள். பழைய ஆம்ப்ளிஃபயரின் ‘லவுட்னஸ்’ பொத்தான் அதற்குத்தான். ட்ரெபிளையும் ஒரு படி இறக்கினேன். சமையலறையில் மீன் அரிந்துகொண்டே மனைவி கூடப் பாடினாள். ஸ்பீக்கர் வந்த பிறகு இதுதான் முதல் தடவை.

ஜூன் 20, வெள்ளி
மாமா பென் டிரைவோடு வந்தார். எல்லாம் 128 கேபிபிஎஸ் எம்பி3. 2020இல் கடலடிக் கேபிள் வருவதற்கு முன், சாட்டிலைட் நெட் காலத்தில் பேரன் இறக்கித் தந்தவை. ஜால்ரா சத்தம் தண்ணீரில் நனைந்ததுபோல் இருக்கிறது. சனிக்கிழமை வைத்திருந்தபடியே வைத்திருந்தால் ஒரு பாட்டுகூடத் தாங்கியிருக்க மாட்டேன். இன்று ராத்திரிச் சாப்பாடு வரை ஓடியது. ‘கொஞ்சம் சத்தமா வைங்க’ என்றார். ட்ரெபிளைத் தொடாமல் வால்யூமை மட்டும் கூட்டினேன்.