வரப்பில் விட்ட பத்தடி

போடிமெட்டு ஏலத் தோட்டங்களில் வேலை முடிந்து, 17 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி ஜீப் முந்தலுக்கு வந்து சேரும்போது மாலை ஐந்து மணியாகிவிடும். எல்லோரும் வீட்டுக்குக் கிளம்ப, ஒருவர் மட்டும் கண்மாய்க்குக் கீழே உள்ள தன் முக்கால் ஏக்கர் நெல்வயலுக்குப் போவார். மேலே கூலி, கீழே வெள்ளாமை. போடிப் பக்கம் பல குடும்பங்களுக்குப் பிழைப்பு இப்படித்தான்.

மார்கழி தொடக்கம். பயிர் கதிர் வாங்கும் நேரம். எலி தங்காமல் இருக்க வரப்புப் புல்லை அறுத்துக்கொண்டு வந்தார். காலடியிலிருந்து ஒரு பறவை எழும்பி, கால்கள் தொங்கப் பறந்து, பயிருக்குள் இறங்கி மறைந்தது. புல்லுக்குள் பார்த்தால் நான்கு முட்டைகள். வெளிர் மண் நிறத்தில் கரும் திட்டுகள். அரிவாளை நிறுத்திவிட்டார்.

செய்தி கேட்டதும் அக்கா மகன் கேமராவோடு ஓடி வந்தான். ஆறு மாதமாக அவன் தேடி அலைந்த மயில் உள்ளான் அது. சேற்றில் நடந்து இரை தேடும் பறவை. பகலில் புல்லுக்குள் அசையாமல் பதுங்கும். அந்தி மயங்கும்போதும் விடியலிலும்தான் வெளியே வரும். அதுவரை அவனுக்குக் கிடைத்ததெல்லாம் கலங்கிய படங்கள்தான்.

“மாமா, முன்னால இருக்கிற புல்லைக் கொஞ்சம் அறுத்துவிடுங்க. பளிச்சுனு ஒரு படம் எடுத்துக்கிறேன்.”

“புல்லை அறுத்தா உனக்குத் தெரியும் மாப்பிள்ளை. காக்காவுக்கும் தெரியும், கீரிக்கும் தெரியும்.”

அவருக்கும் ஒரு சிக்கல் இருந்தது. வரப்பைக் குறுகலாகவும் சுத்தமாகவும் வைத்தால் எலித்தொல்லை குறையும் என்பது வேளாண்மைத் துறை எப்போதும் சொல்லும் யோசனை. அது சரியான யோசனைதான். ஆனால் அந்தப் புல்தான் இந்தப் பறவைக்கு வீடு. யோசித்துப் பார்த்து, மற்ற வரப்பையெல்லாம் வெட்டிவிட்டு, கூடு இருந்த இடத்தில் பத்தடியை மட்டும் விட்டுவைத்தார்.

மருமகன் மோட்டார் ரூமுக்குள் உட்கார்ந்து, கதவை ஒரு கை அகலம் திறந்து வைத்துக் காத்திருந்தான். ஃபிளாஷ் போடவில்லை. ஐந்து மாலைகள் சும்மா போயின. ஆறாம் நாள், வெளிச்சம் அடங்கும் நேரத்தில் இரண்டு பறவைகள் வாய்க்கால் ஓரம் வந்தன. ஒன்று செம்பழுப்புக் கழுத்தும் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமுமாக அழகாக இருந்தது. மற்றது மங்கல் நிறம். மங்கலானதுதான் கூட்டுக்குத் திரும்பியது.

“அழகா இருக்கிறது சேவல்தானே?” என்றார் மாமா.

இல்லை. மயில் உள்ளானில் பெட்டைதான் வண்ணமானது. முட்டையிட்டுவிட்டு அது வேறு துணை தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சுகளைக் கூட்டித் திரிவதும் ஆண்தான். “அப்ப இத்தனை நாளா உட்கார்ந்திருக்கிறது அப்பன்காரனா!” என்று வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மூன்று வாரத்துக்குள் கூட்டில் ஓடுகள் மட்டும் கிடந்தன. பொரித்த கொஞ்ச நேரத்திலேயே நடக்கத் தொடங்கும் குஞ்சுகள் அவை. இரண்டு நாள் கழித்து, தகப்பன் பின்னால் மூன்று குஞ்சுகள் சேற்றில் நடந்து போவது படத்தில் விழுந்தது. படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருந்தது. நாலாவது குஞ்சு என்ன ஆனதென்று தெரியவில்லை. ஆனாலும் மருமகன் அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருக்கிறான்.

குஞ்சுகள் போன பிறகு அந்தப் பத்தடியையும் வெட்டினார். உள்ளே ஒரு எலி வளை இருந்தது. பக்கத்தில் கொஞ்சம் கதிர் போயிருந்தது. வளையை வெட்டி அடைத்தார். “பத்தடிக்கு இவ்வளவுதான் செலவு” என்றார்.

உங்கள் வரப்பிலும் இப்படி முட்டை கண்டால், தொடாமல் விலகி வந்துவிடுங்கள். அந்த இடத்தில் மூன்று வாரம் களைக்கொல்லியும் எலி மருந்தும் வேண்டாம். உள்ளானைப் பிடிப்பதும் முட்டை எடுப்பதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். படம் எடுக்க ஆசைப்படும் பிள்ளைகளிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: கூட்டுக்குப் போய் எடுக்க வேண்டாம், பறவை தானாக வெளியே வரும்வரை காத்திருக்கட்டும்.