ஆயாவின் முழங்காலும் எங்கள் துண்டறிக்கையும்

"தினமும் முப்பது நிமிடம் நடங்கள்" என்று அச்சடித்த துண்டறிக்கையோடு விழுப்புரம் பக்கம் ஒரு சேரிக்குப் போயிருந்தோம். திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த ஆயா ஒருவர் அதைப் படித்துக் காட்டச் சொன்னார். கேட்டுவிட்டுச் சிரித்தார். "நடவுலயே தேஞ்சுபோன முட்டி கண்ணு இது. இதுக்கு நடை வேறயா?"

நாங்கள் சமூகவியல் படித்தவர்கள். சாதி, உழைப்பு, உடல் என்று பக்கம் பக்கமாகத் தேர்வு எழுதியவர்கள். அந்த முட்டிக்கு முன்னால் எங்களிடம் பதில் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2002-இல் செயலூக்கமுள்ள முதுமை பற்றிய கொள்கை ஆவணம் ஒன்றை வெளியிட்டது. ஆரோக்கியம், பங்கேற்பு, பாதுகாப்பு ஆகிய மூன்றும் அதன் தூண்கள். நாங்கள் கொண்டுபோன துண்டறிக்கையில் பின்னிரண்டும் இல்லை. முதியோர் உதவித்தொகை பத்தாமல் எழுபது வயதிலும் களையெடுக்கப் போகிறவரிடம் "சுறுசுறுப்பாக இருங்கள்" என்று சொல்வது என்ன நியாயம்?

அதற்காக உடற்பயிற்சியே நமக்கு வேண்டாம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. வேலை வேறு, பயிற்சி வேறு. நாளெல்லாம் குனிந்து செய்யும் வேலை ஒரே மூட்டின்மேல் ஓயாமல் பாரத்தை ஏற்றுகிறது. வலி வந்ததும் காலை அசைக்காமல் வைத்துக்கொள்கிறோம். தொடைத் தசை மெலிகிறது. தாங்க ஆளில்லாத மூட்டு இன்னும் வலிக்கிறது. பிறகு தடுமாற்றம், விழுதல், படுக்கை. இந்தச் சங்கிலியை அறுப்பதுதான் பிசியோதெரபி. 65 வயதைத் தாண்டியவர்கள் வாரம் மூன்று நாளாவது தசை வலுவுக்கும் சமநிலைக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்று அதே நிறுவனம் பரிந்துரைக்கிறது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் பிசியோதெரபியும் உண்டு. கேட்டுப் பார்த்தோம். முதலில் வந்தவர் தெருவில் நின்றபடியே பயிற்சியைச் சொல்லிவிட்டுப் போனார். நேரமின்மையா, சாதியா? எங்களுக்குள் விவாதம் நடந்தது. ஆயாவுக்குச் சந்தேகமே இல்லை. "தொடாத வைத்தியம்" என்றார்.

அடுத்து வந்த பெண் தரையில் உட்கார்ந்து ஆயாவின் குதிகாலைத் தூக்கித் தன் மடியில் வைத்தார். ஆயா வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார். "வேணாம்மா, அழுக்குக் காலு."

தீண்டாமையை ஒழிக்கும் அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவை நாம் மனப்பாடமாகச் சொல்வோம். அந்தக் கால் தானாகப் பின்வாங்கியதைப் பார்த்த பிறகுதான், தொட்டுச் செய்யும் இந்த வைத்தியம் நம் மக்களுக்கு என்னவெல்லாம் என்று எங்களுக்குப் புரிந்தது. அவர் விடவில்லை. பேசிக்கொண்டே மறுபடி காலைப் பிடித்தார். துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, "அதைக் கீழே அமுக்குங்க ஆயா. அஞ்சு எண்ணுங்க, விடுங்க" என்றார். பத்து முறை. பிறகு நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து உட்காரும் பயிற்சி.

சில வாரங்கள் போயின. முட்டி வலி முழுதாகப் போகவில்லை. ஆனால் இரவில் மருமகளை எழுப்பாமல் தானே கழிப்பறைக்குப் போகிறார். "அது போதும் கண்ணு, மானமா இருக்குது" என்றார்.

தோழர்களே, அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். பிசியோதெரபிஸ்ட் எந்த நாளில் வருகிறார்? ஊர்த்தெருவோடு திரும்பிவிடுகிறாரா, சேரிக்குள்ளும் வருகிறாரா? வந்தால் தொட்டுப் பார்க்கிறாரா? வராவிட்டால் மனு எழுதுங்கள், கிராம சபையில் எழுப்புங்கள். மூட்டு வீங்கியிருந்தாலோ, அண்மையில் விழுந்திருந்தாலோ முதலில் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

உங்கள் வீட்டு ஆயாவின் காலையும் ஒருமுறை மடியில் எடுத்து வையுங்கள். நாங்கள் அந்தத் துண்டறிக்கையைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஜெய் பீம்.