துவக்கு வாங்கிய கதை

மலருக்குக் கட்டுரை வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் எழுதியபோது, ஆசிரியப் பெருமக்களைப் பற்றியோ விடுதியின் வெள்ளிக்கிழமைப் பூசையைப் பற்றியோ எழுதுவேன் என்றே எதிர்பார்த்திருப்பர். அவற்றை என்னினும் நன்கு எழுதவல்லார் பலர் உளர். ஆகவே, எழுபது வயதைக் கடந்தபின் இங்கிலாந்திலே மலிவானதோர் இரட்டைக் குழல் துவக்கைத் தேடி நான் அலைந்த கதையை எழுதத் துணிகின்றேன்.

அயல்வீட்டு நண்பர் ஒருவர் ஒரு ஞாயிறு காலை என்னைக் களிமண் புறா சுடும் மைதானத்துக்கு அழைத்துச் சென்றார். பெயரளவில்தான் அது களிமண். உண்மையில் சுண்ணாம்புக்கல் தூளும் கீலும் சேர்த்து வார்த்த, 108 மில்லிமீற்றர் குறுக்களவுள்ள ஒரு சிறு தட்டு. பொறியொன்று அதனை வானில் வீச, பறக்கும்போதே சுட்டு உடைத்தல் வேண்டும். முன்னாளில் உயிருள்ள புறாக்களையே கூட்டிலிருந்து பறக்கவிட்டுச் சுட்டனர். அவ்வழக்கத்தை 1921 ஆம் ஆண்டுச் சட்டம் இந்நாட்டில் ஒழித்தது. சைவ உணவினனாகிய எனக்கு இது பெரும் ஆறுதல். அன்று இரவல் துவக்கினால் இருபத்தைந்து தட்டுகளில் நான்கை உடைத்தேன். அந்த நான்கும் என்னைப் பிடித்துக்கொண்டன.

வீட்டில் இதனைச் சொன்னபோது என் மனைவி நெடுநேரம் வாய் திறந்தாளில்லை. பின்னர், “இஞ்சாருங்கோ, துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதானே நாங்கள் எல்லாத்தையும் விட்டிட்டு வந்தனாங்கள், இப்ப நீங்கள் காசு குடுத்து அதை வீட்டுக்கை கொண்டுவரப் போறியளோ?” என்றாள். அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை. இன்றும் முழுமையான விடை இல்லை. என் நினைவில் இருந்ததோ வேறொரு துவக்கு. வவுனியாப் பகுதியில் எங்களுக்கு வயலிருந்தது. பன்றிக் காவலுக்கென்று தந்தையார் ஒரு பேர்மிங்காம் துவக்கு வைத்திருந்தார். இரு குழல்களும் அருகருகே அமைந்தது. ஊர் திரும்பிய தோட்டத்துரை ஒருவரிடம் வாங்கியது. ஆண்டுதோறும் அவர் கச்சேரிக்குச் சென்று உரிமத்தைப் புதுப்பிப்பார். 1985 இல் ஓரிரவு இளைஞர் சிலர் வந்து அதனைக் கேட்டனர்; கொடுத்துவிட்டார். அதன்பின் அதைப்பற்றி அவர் பேசியதில்லை. உரிமத்தாள்களை மட்டும் இறுதிவரை அலுமாரியில் வைத்திருந்தார்.

மனைவி ஒரு நிபந்தனையோடு இசைந்தாள்: எந்த உயிரையும் சுடலாகாது. நான் எனக்கே இட்ட நிபந்தனை எழுநூறு பவுணுக்கு மேற்படலாகாது என்பது. முதலில் பொலிசாரிடம் சான்றிதழ் பெறல் வேண்டும்; அது ஐந்தாண்டுக்குச் செல்லும். வைத்தியரும் என் உடல்நிலையையும் மனநிலையையும் குறித்து எழுதிக் கொடுத்தல் வேண்டும். வீட்டைப் பார்வையிட வந்த அதிகாரி, முன்பு துவக்குடன் பழக்கமுண்டோ என வினவினார். எந்த வகைப் பழக்கத்தை அவர் கேட்கின்றார் என்று சற்றே தயங்கி, தந்தையாரின் பன்றிக் காவலைச் சொன்னேன்.

நான் விரும்பியது தந்தையாருடையதைப் போன்றதொரு துவக்கே. அப்படியொன்று, நூறாண்டுக்கு மேற்பட்டது, ஒரு விற்பனையாளரிடம் நூற்றைம்பது பவுணுக்குக் கிடைப்பதாயிருந்தது. இரும்பையும் உருக்கையும் நாடாக்களாக முறுக்கிக் காய்ச்சியடித்த டமஸ்கஸ் குழல்கள்; அவற்றின் மேல் நீரலை போன்ற கோலம். கண்ட மாத்திரத்தில் மனம் பறிபோயிற்று. நல்வேளையாகப் பணம் கொடுக்குமுன் அதனை முதியதொரு துவக்குத் தச்சரிடம் காட்டினேன். அவர் குழல்களைக் கழற்றி, அடிப்புறத்து முத்திரைகளை உருப்பெருக்காடியால் படித்தார். இந்நாட்டில் சோதனைச் சாலையிலே வழக்கத்தினும் மிகுந்த அழுத்தந்தரும் தோட்டாவை இட்டுச் சுட்டுப் பார்த்து, தாங்கிய குழலுக்கே முத்திரை குத்துவர். பேர்மிங்காம் சோதனைச் சாலை 1813 இல் ஏற்பட்டது. இன்றும் நடைமுறையிலுள்ள சட்டம் 1868 ஆம் ஆண்டினது. என் அழகுத் துவக்கின் முத்திரை கருமருந்துக்கு மட்டுமே உரியது. இன்று கடையில் விற்கும் தோட்டாவிலோ புகையிலா மருந்து. விற்க முனைந்தவர் இதனை ஒரு சொல்லாலும் உணர்த்தவில்லை.

தச்சர் மேலுமொன்று காட்டினார். அதன் தோட்டா அறை இரண்டரை அங்குலம், அஃதாவது 65 மில்லிமீற்றர். இன்றைய தோட்டா பெரும்பாலும் 70 மில்லிமீற்றர். அப்படியாயின் தோட்டா உள்ளே போகாதே என்றேன். “போகும், அதுதான் ஆபத்து” என்றார். தோட்டாவில் குறித்த அளவு, வெடித்து மடிப்பு விரிந்தபின் உள்ள நீளம். வெடியாத தோட்டா குறுகியிருப்பதால் சிற்றறையிலும் இலகுவாய்ப் புகும், துவக்கும் பூட்டிக்கொள்ளும். சுடும்போது விரியும் வாய், அறைக்கு அப்பாலுள்ள ஒடுங்கிய பகுதியில் நெருக்குண்டு, சன்னங்களின் வழியை இறுக்கும், அழுத்தம் ஏறும். போயிலின் விதியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, “கொள்கலம் சிறுத்தால் வாயு சினக்கும்” என்று சொல்லும் எங்கள் பௌதிக ஆசிரியர் நினைவுக்கு வந்தார். அவர் பாடத்தை நான் கவனித்த நாட்கள் சிலவே; அவற்றுள் ஒன்று என் விரல்களைக் காத்ததென எண்ணுகின்றேன்.

பழைய துவக்கைப் பார்க்கும் முறையையும் அவரிடமே கற்றேன். குழல்களைத் தனியே தொங்கவிட்டு விரலால் தட்டினால் மணிபோல் ஒலித்தல் வேண்டும். மந்தமாய் ஒலித்தால் இரு குழலையும் இணைக்கும் பட்டை விட்டிருக்கின்றது. வெளிச்சத்தை நோக்கிக் குழலினூடே பார்த்தால் நசுக்கம் நிழலாய்த் தெரியும். முன்கட்டையைக் கழற்றிவிட்டு, அடிக்கட்டையைப் பற்றி மெல்ல அசைத்தால் மூட்டுத் தேய்ந்திருப்பதைக் கை உணரும். வெளி மெருகை மட்டும் நம்பலாகாது, மெருகிடுவது எளிது.

அடுத்து ஸ்பானியாவின் எய்பார் நகரத்துத் துவக்கொன்று கிடைத்தது. அந்நகரத்தார், பேர்மிங்காமில் 1875 இல் அன்சன், டீலி என்போர் வகுத்த பொறியமைப்பையே பின்பற்றிக் குறைந்த விலையில் நல்ல துவக்குகள் செய்தவர்கள். இதுவும் அருகருகுக் குழலே. எடை ஆறரை இறாத்தல். விலை நானூறு. வாங்கியே விட்டேன் எனலாம். ஆயின் அன்று ஐம்பது தோட்டா சுட்டபின் தோள் கன்றிப்போயிற்று. ஒரே தோட்டா, இலேசான துவக்கில் கூடுதலாய் உதைக்கும். வயலில் ஓரிரவில் இரண்டு வெடி வைக்கும் தந்தையாருக்கு அது பொருந்தும். ஒரு காலையில் நூறு வெடி வைப்பவனுக்கு அன்று.

இவ்விளையாட்டினர் பெரும்பாலும் ஒரு குழலின் மேல் மற்றொன்று அமைந்த துவக்கையே கொள்வதன் காரணம் அப்போது விளங்கிற்று. எடை ஏழரை முதல் எட்டு இறாத்தல். கீழ்க்குழலின் உதைப்பு நேரே தோளுக்கு வருதலால் முனை அதிகம் துள்ளாது. இரண்டாவது தட்டுக்கு விரைந்து திரும்பலாம். கண்ணுக்கு முன்னே ஒரே ஒடுங்கிய கோடு. இவ்வகையைப் பரவச் செய்த துவக்கை வகுத்த ஜோன் பிரௌனிங், அது சந்தைக்கு வருமுன்னரே, 1926 இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் காலமானார். அவருடைய துவக்கு என் வரவுக்கு எட்டாது. ஜப்பானில் செய்த மிரோக்கு ஒன்று, முன்பே இருவர் கையாண்டது, அறுநூற்றைம்பது பவுணுக்கு வாய்த்தது. முத்திரை சரி, அறை 70 மில்லிமீற்றர், தட்டினால் கோயில் மணி.

அதனைத் தோளில் வைத்தபோதுதான், வலக்கையனாகிய எனக்கு ஆளுங்கண் இடக்கண் என்பது தெரியவந்தது. எத்துணை விலையுயர்ந்த துவக்கும் இதற்குப் பரிகாரமன்று. மூக்குக்கண்ணாடியின் இடப்பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியதே பரிகாரம். செலவில்லை. உண்மைச் செலவு தோட்டாவிலேதான். நூறு தட்டுக்கு நான்கு பெட்டி என்று கணக்கிட்டால், சில மாதங்களில் துவக்கின் விலையைத் தோட்டாவின் விலை எட்டிவிடுகின்றது. இதனை முன்னரே எவரேனும் சொல்லியிருப்பின், எழுநூறு பவுணைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்டிரேன்.

மைதானத்தில் பயிற்றுநர் கற்பித்த முதற்பாடம், துவக்கைத் திறந்து முறித்தபடியே கையில் தாங்கிச் செல்லல் என்பது. நான் முன்னமே அவ்வாறு தாங்கியிருக்கக் கண்டு, எங்கே பழகினீர் என்றார். பத்து வயதில், வரம்பின் மேல், தந்தையாரின் பின்னே நடந்து பழகியது.

இப்போது துவக்கு மாடிப்படியின் கீழ் உருக்குப் பெட்டியில் இருக்கின்றது. சான்றிதழ் உடையவரைத் தவிர எவரும் அதன் திறப்பை அடையலாகாது என்று அதிகாரி கண்டிப்பாய்ச் சொல்லிப் போனார். நாற்பது ஆண்டுகளாக இவ்வீட்டின் எல்லாத் திறப்புகளையும் இடுப்பிற் செருகி வைத்திருப்பவள் என் மனைவி. ஞாயிறு மாலைகளில் நான் திரும்பி வந்ததும், “இண்டைக்கு எத்தினை?” என்று மட்டும் கேட்பாள். சென்ற வாரம் பதினேழு.