முன்பணக் கடிதம்

வாசகரிடம் முன்பணம் வாங்கி நாவல் அச்சிட நினைக்கிற நண்பர்கள் வந்து யோசனை கேட்டால், முதலில் ஒன்றைத்தான் கேட்பேன்: எழுதி முடித்துவிட்டீர்களா? கடைசி அத்தியாயத்தை முடித்து, கொஞ்ச காலம் ஆறப்போட்டு, திருத்தி, மெய்ப்புக்குக் கொடுக்கிற நிலையில் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். பாதி எழுதியாயிற்று, பணம் வந்தால் மீதி தானாக வரும் என்பார்கள் சிலர். பணம் வரும். மீதிதான் வராது.

இதற்கு ஆதி சாட்சி ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன். ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பதிப்பிப்பதாக 1756இல் அறிவித்து முன்பணம் வாங்கினார். அடுத்த ஆண்டே தருவதாகப் பேச்சு. வந்தது 1765இல். இடையில் ஒரு கவிஞர், காசு போயிற்று, புத்தகம் எங்கே என்று பகிரங்கமாகவே கேலி செய்தார். பணம் கட்டியவர்களின் பெயர்ப் பட்டியலை ஏன் அச்சிடவில்லை என்று கேட்டதற்கு ஜான்சன் இரண்டு காரணம் சொன்னாராம்: பெயர்களைத் தொலைத்துவிட்டேன், பணத்தைச் செலவழித்துவிட்டேன். ஜான்சனாக இருந்தால் இப்படிச் சொல்லிவிட்டுப் போகலாம். நமக்கு வாட்ஸாப்பில் ஆள் வந்து நிற்பார்.

இன்னொரு முனையில் அமெரிக்க நாவலாசிரியர் பிராண்டன் சாண்டர்சன். பெருந்தொற்றுக் காலத்தில் யாருக்கும் சொல்லாமல் நான்கு நாவல்களை எழுதி முடித்துவிட்டு, 2022 மார்ச்சில் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் இணையதளத்தில் அறிவித்தார். ஒரே மாதத்தில் சேர்ந்தது 4 கோடியே 17 லட்சம் டாலர். கொடுத்தவர்கள் 1,85,000 பேருக்கு மேல். அந்தத் தொகையைப் பார்த்து வாய் பிளப்பதில் நமக்குப் பயனில்லை. முடித்துவிட்டுக் கேட்டார் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

நம் கணக்கு வேறு. டெமி அளவில் 480 பக்க நாவல் என்றால் பதினாறு பக்க ஃபாரமாக 30 ஃபாரம். தட்டச்சு, பக்க வடிவமைப்பு, அட்டை ஓவியம், ஆஃப்செட் பிளேட் எல்லாம் 300 பிரதி போட்டாலும் ஆயிரம் போட்டாலும் ஒரே செலவு. பிரதி கூடக் கூடத் தாளும் பைண்டிங்கும்தான் ஏறும். புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. அதனாலேயே தாளுக்குக் கட்டிய வரியைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. அச்சகத்துக்குப் பணம் உடனே போக வேண்டும். கடைக்காரர் கழிவு போக மீதியைத் தன் வசதிப்படி தருவார். நூலக ஆணை எப்போது வரும் என்று ஜோசியரும் சொல்லமாட்டார். முன்பணம் சரிக்கட்டுவது இந்தக் கால இடைவெளியைத்தான். முன்பதிவிலேயே தாளுக்கும் அச்சுக்கும் பணம் தேறிவிட்டால் மீதிப் பிரதிகளை நிதானமாக விற்கலாம். கடன் வாங்கி அச்சிட்ட புத்தகத்தை நிதானமாக விற்க முடியாது.

கணக்கு இவ்வளவுதான். கடினமானது முன்பணம் கேட்டு வாசகருக்கு எழுதும் கடிதம்.

நாவலுக்கு உழைத்த அளவுக்கு அந்த ஒரு பக்கக் கடிதத்துக்கும் உழைப்பவன் நான். பாரதியும் இப்படிக் கேட்டவர்தான். 1920இல் தன் எழுத்துகளை நாற்பது நூல்களாக, ஒவ்வொன்றும் பத்தாயிரம் பிரதி அச்சிடத் திட்டமிட்டு நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். நன்கொடை கேட்கவில்லை, வட்டியோடு திருப்பித் தரும் கடனாகக் கேட்டார். அந்தத் தோரணை எனக்கு மிகப் பிடிக்கும். கெஞ்சல் இல்லை, தமிழைக் காப்பாற்றுங்கள் என்ற மிரட்டல் இல்லை, எதிரே இருப்பவரைத் தொழில் பங்காளியாக நடத்துகிற மரியாதை இருக்கிறது. ஆனால் பணம் சேரவில்லை. அடுத்த ஆண்டு பாரதியே இல்லை. அறிக்கையைப் பார்க்கும்போதெல்லாம் நினைப்பேன்: நாற்பது நூல் என்பது ஒரு கனவு, கனவுக்குக் கைதட்டுவார்கள், பர்ஸைத் திறப்பது எதிரே இருக்கிற ஒற்றைப் புத்தகத்துக்கு. பாரதிக்கு யோசனை சொல்லும் துணிச்சல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

ஆகவே என் கடிதத்தில் ஒரு புத்தகம்தான். பக்கம் எத்தனை, விலை என்ன, முன்பதிவுக்கு என்ன விலை, எந்த மாதம் கையில் கிடைக்கும், குறிப்பிட்ட எண்ணிக்கை சேராவிட்டால் பணத்துக்கு என்ன ஆகும். இதையெல்லாம் ஒளிக்காமல் எழுதுவேன். கதையைப் பற்றி நான்கே வரி. கூடவே ஓர் அத்தியாயம். முதல் அத்தியாயத்தை நான் கொடுப்பதில்லை. நாவல் முழு வேகத்தில் ஓடுகிற நடுப்பகுதியிலிருந்து எடுப்பேன். முதல் அத்தியாயத்தில் எல்லாரும் கெட்டிக்காரர்கள்.

முன்பணம் கட்டியவர்களின் பெயர்ப் பட்டியல் தனிக் கலை. 1796இல் ஆங்கில நாவலாசிரியர் ஃபிரான்சஸ் பர்னி தன் ‘கமில்லா’ நாவலை இப்படித்தான் முன்பதிவில் கொண்டுவந்தார், விலை ஒரு கினி. ஆயிரம் பெயருக்கு மேல் அச்சான அந்தப் பட்டியலில் ஸ்டீவன்டன் கிராமத்து ஜே. ஆஸ்டன் என்றொரு பெண்ணின் பெயரும் உண்டு. ஜேன் ஆஸ்டனுக்கு அப்போது இருபது வயது, ஒரு நூலும் வெளியாகவில்லை. அரசியல் பேச்சாளர் எட்மண்ட் பர்க் 20 பவுண்டு நோட்டு அனுப்பினார். தனக்கும் மனைவிக்கும் சேர்த்து, அண்மையில் தன் குடும்பத்தில் இறந்துபோன இருவருக்கும் சேர்த்து நான்கு பேர் கணக்கு. கேட்டதோ ஒரே பிரதி.

இறந்தவர் பெயரில் பதிவு செய்வது எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. அப்பா பெயரில் போடுங்கள், அவர்தான் எனக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார், இப்போது இல்லை என்று எழுதுகிறவர்கள் நம்மிடமும் உண்டு. அவர்கள் பதிவு செய்வது நாவலையா என்று யோசித்ததுண்டு. அந்தப் பக்கத்தை மட்டும் நானே உட்கார்ந்து மெய்ப்புப் பார்ப்பேன். நாவலில் ஓர் ஒற்று விட்டுப்போனால் மன்னிப்பார்கள். தகப்பனாரின் தலைப்பெழுத்து மாறினால் மன்னிக்கமாட்டார்கள். தொகைக்குத் தக்கபடி பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று பிரிப்பதும் இல்லை. அகரவரிசைதான். கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதினாற்போல் நாவல் ஆகிவிடக் கூடாது.

தமிழில் முன்பதிவு நேற்று வந்ததல்ல. உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டது முன்கூட்டியே கையொப்பம் வாங்கி. 1960களில் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி நடத்திய வாசகர் வட்டம் உறுப்பினர்களைச் சேர்த்து நூல்களைக் கொண்டுவந்தது. தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ அங்கே வந்ததுதான்.

இடைத்தரகு நிறுவனம் நடுவில் வந்தால் கணக்கில் ஒரு கண் இருக்க வேண்டும். லண்டனில் 2011இல் தொடங்கிய அன்பவுண்ட், வாசகர் பணத்தில் அருமையான நூல்களைப் போட்டது. பால் கிங்ஸ்நார்த்தின் ‘தி வேக்’ 11ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தை ஒட்டி அவரே சமைத்த ஒரு மொழியில் எழுதப்பட்டது. 2014இல் புக்கர் நெடும்பட்டியலுக்குப் போனது. அதே நிறுவனம் 2025இல் நொடித்தபோது எழுத்தாளர்கள் பலருக்கு வர வேண்டிய தொகை நின்றுபோனது. நான் முன்பணத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்திருக்கிறேன். அதிலிருந்து அச்சகத்துக்கும் அஞ்சலகத்துக்கும் தவிர ஒரு ரூபாய் வெளியே போவதில்லை, வீட்டில் எவ்வளவு நெருக்கடி என்றாலும்.

கடைசியாக விலை. முன்பதிவு விலையைவிடக் குறைவாக அந்தப் புத்தகத்தை வேறு எங்கும் நான் விற்பதில்லை. ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சிக் கூட்டத்திலும், கடைசி நாளிலும், பக்கத்துக் கடையில் பாதி விலைப் பலகை தொங்கினாலும். ஆறு மாதம் முன்னால் பணம் கட்டியவர் அந்த வழியாகத்தான் வருவார்.