பதினைந்து நொடி, நாலு கிலோ

கும்பகோணத்துக் கல்யாணப் புகைப்படக்காரர் ஒருவருக்குப் பின்கழுத்தில் ஒரு கோடு இருந்தது. முகூர்த்தம் முடிந்து வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால், துருத்தி நிற்கும் அந்த எலும்புக்குச் சற்று மேலே, இரண்டு விரல் அகலத்துக்குச் சிவந்து கிடக்கும். தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்தங்கள் நெருக்கியடிக்கும் மாதங்களில் ஒரு கல்யாணத்தின் சிவப்பு ஆறுவதற்குள் அடுத்த கல்யாணம் வந்துவிடும். தைலம் தேய்த்துக்கொண்டே அவர் மனைவி ஒருநாள் சொன்னார்: "மாட்டுக்கு நுகத்தடி தேய்ச்ச எடம் மாதிரியே இருக்குங்க."

அத்தனை வருஷமும் அவர் கழுத்தில் கிடந்தது கேமராப் பெட்டிக்குள்ளேயே இலவசமாக வரும் பெல்ட்தான். நிறுவனத்தின் பெயரைத் தூரத்திலிருந்தே படிக்கும்படி பெரிய எழுத்தில் தைத்திருப்பார்கள். முதல் கேமரா வாங்கியபோது அந்தப் பெயர் வெளியே தெரிகிறதா என்று கண்ணாடியில் பார்த்துச் சரிசெய்துகொண்டது உண்டு. "காசு வாங்காம அவனுக்கு விளம்பரப் பலகை தூக்கியிருக்கேன்" என்று இப்போது சிரிக்கிறார்.

ஒரு ராத்திரி, தூக்கம் வராமல், தூக்குவது எவ்வளவு என்று அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அவரிடம் இரண்டு கேனான் 5டி மார்க் 4. பேட்டரி, கார்டோடு ஒன்று 890 கிராம். ஒன்றில் 70-200 லென்ஸ், அது 1,490 கிராம். இன்னொன்றில் 24-70, அது 805 கிராம். கூட்டினால் 4 கிலோவுக்கு மேல். ஃபிளாஷ், அதற்கான பேட்டரி எல்லாம் இதில் சேர்த்தி இல்லை. கடையில் நாலு கிலோ அரிசியைப் பையில் வாங்கினால் பத்து நிமிஷத்தில் கை மாற்றுவோம். இதையோ முந்தின நாள் மாப்பிள்ளை அழைப்பில் மாட்டினால் மறுநாள் கடைசிப் பந்தி வரை கழற்ற வழியில்லை.

அதற்கப்புறம் போட்ட கணக்குதான் அவரைச் சிரிக்க வைத்தது. ஒரு கல்யாணத்துக்கு ஏறக்குறைய 3,000 படம் எடுக்கிறார். ஷட்டர் வேகம் பெரும்பாலும் நொடியில் இருநூற்றில் ஒரு பங்கு. 3,000 படத்துக்கும் சேர்த்து ஷட்டர் திறந்திருக்கும் நேரம் வெறும் 15 நொடி! வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்து, தாலி எந்த விநாடி ஏறும் என்று மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும் நேரத்தையெல்லாம் தாராளமாகச் சேர்த்தாலும் சில மணி நேரம்தான் வரும். மிச்ச நேரம் முழுக்க கேமரா வெறும் சுமை. ஆனால் கேமரா வாங்கும்போது அந்தப் பதினைந்து நொடிக்காக ஆறு மாதம் விசாரிக்கிறவர்கள், மிச்ச நேரத்துக்கு உரிய பெல்ட்டைப் பற்றி ஆறு நிமிஷம்கூட யோசிப்பதில்லை.

சுமை என்பது இந்தத் தொழிலில் சின்ன விஷயமே இல்லை. ஜெர்மனியில் ஆஸ்கர் பர்னாக் என்கிற பொறியாளருக்கு ஆஸ்துமா. கண்ணாடித் தட்டுகளும் முக்காலியுமாகப் பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு மலையேற மூச்சு இடம்கொடுக்கவில்லை. சினிமாப் படச்சுருளில் சின்னச் சின்னப் படங்கள் எடுக்கிற கையடக்கக் கேமரா ஒன்றை அவர் செய்துபார்த்ததற்கு அதுவும் ஒரு காரணம். அதுதான் 1925-இல் லைக்கா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. தூக்க முடியாததனால் பிறந்த கேமராவின் வாரிசுகள் மறுபடியும் தூக்க முடியாத எடைக்கு வந்து நின்றது தனிக் கதை.

கும்பகோணத்துக்காரருக்கு வழி காட்டியது கேமராக் கடை அல்ல, ஒரு தவில்காரர். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. நாகஸ்வரம் மூச்சு வாங்கிக்கொள்ள நின்ற இடைவெளியில் தவில்காரர் இவரைப் பார்த்தார். இவர் இரண்டு கையாலும் கேமராவை அடியில் தாங்கி, கழுத்துக்கு ஒரு நிமிஷம் விடுதலை கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் தம்பி அதக் கழுத்துல தொங்கவுடறீங்க? நாங்க இம்மாம் பெரிய தவில கழுத்துலயா மாட்டிக்கிறோம்?"

அவர் தோளில் கிடந்த துணிப் பட்டையைத்தான் நாடை என்பார்கள். பிரிமணைபோல் முறுக்கிய கயிறு அல்ல. கையளவு அகலமான பட்டை. அதற்குக் கீழே ஒரு துண்டை நாலாக மடித்து வைத்திருந்தார். தோளின் சதைப்பிடிப்பான இடத்தில் பட்டை உட்கார்ந்திருந்தது, கழுத்தைத் தொடவே இல்லை. தவில் உடம்போடு ஒட்டி நின்றது, ஆடவில்லை. கேமரா பெல்ட் செய்கிற நிறுவனங்கள் விளம்பரத்தில் சொல்லிக்கொள்ளும் அத்தனை விஷயமும் அந்தத் தோளில் இருந்தது: அகலம், மெத்தை, கழுத்தை விட்டு விலகிய இடம், ஆடாத பாரம்.

தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே போடும் இப்படியொரு பட்டைக்குக் கேமரா உலகில் ஸ்லிங் என்று பெயர். அதைப் பெயர் சொல்லும்படி பரப்பியது அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து பிளாக்ராபிட் நிறுவனம். அதைத் தொடங்கியவரும் கல்யாணப் புகைப்படக்காரர்தான் என்று கேள்விப்பட்டபோது நம்மவருக்கு ஆச்சரியமே இல்லை. "பின்ன, வலிச்சவன்தானே கண்டுபிடிப்பான்" என்றார்.

ஸ்லிங் என்றால் பழைய பெல்ட்டையே பூணூல் மாதிரி குறுக்கே போட்டுக்கொள்வது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிப் போட்டுப் பார்த்தவருக்கு வித்தியாசம் தெரியும். சாதாரண பெல்ட் கேமராவின் இரண்டு காதிலும் கட்டியிருப்பதால், கேமராவைக் கண்ணுக்குத் தூக்கும்போதெல்லாம் பெல்ட் முழுக்க அதோடு வரும். தோளையும் கழுத்தையும் உரசிக்கொண்டே வரும். ஸ்லிங்கில் பட்டை தோளிலேயே அசையாமல் இருக்கும். கேமரா ஒரு கொக்கியில் தொங்கி, கிணற்றுக் கயிற்றில் வாளி போல அந்தப் பட்டைமேல் வழுக்கி ஏறும், இறங்கும். பாரம் இடது தோள், முதுகு, வலது இடுப்பு என்று உடம்பின் குறுக்கே போகிறது. பஸ் கண்டக்டர் பையைப் போட்டுக்கொள்வதும் இதே சூத்திரத்தில்தான். கேமராவின் பிடியும் பொத்தானும் வலது கைக்கென்றே செய்யப்படுவதால், இடது தோள், வலது இடுப்பு என்பதுதான் பெரும்பாலோருக்குப் பொருந்தும்.

நீளத்தில்தான் எல்லாரும் தப்புச் செய்கிறார்கள். தாழ விட்டால் நடக்கும்போது தொடையில் இடிக்கும், குனிந்தால் முன்னால் பாய்ந்து மணமேடைக் குத்துவிளக்கைத் தேடிப் போகும். ஏற்றிக் கட்டினால் கேமரா விலாவில் குத்தும், தூக்கும்போது கண்ணுக்கு எட்டாமல் பட்டை பிடித்து இழுக்கும். கையைச் சும்மா தொங்கவிட்டால் விரல்கள் தாமாகவே கேமராவின் பிடியில் போய் விழவேண்டும். தேடக்கூடாது. இதைக் கடைக் கண்ணாடி முன்னால் வெறும் பட்டையைப் போட்டுப் பார்த்து முடிவு செய்ய முடியாது. சொந்தக் கேமரா, இருப்பதிலேயே கனமான லென்ஸ், இரண்டையும் மாட்டிக்கொண்டு கடைப் படியில் ஏறி இறங்கிப் பார்ப்பதுதான் வழி. கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

அகலத்துக்கும் எல்லை உண்டு. 2 சென்டிமீட்டர் பட்டைக்குப் பதில் 5 சென்டிமீட்டர் போட்டால் அதே எடை இரண்டரை மடங்கு இடத்தில் பரவும், வலி குறையும். அதற்காக மெத்தை மெத்தையாகத் தைத்த பெரிய பட்டையைப் போட்டால் ஒல்லியான தோளில் அது கழுத்தின் மேலேறி விளிம்பால் அறுக்கும். நியோப்ரீன் எனப்படும் ரப்பர் மெத்தை தொட்டால் சுகமாக இருக்கும். ஆனால் அது இழுபடும் பொருள். இரண்டு கிலோவைத் தொங்கவிட்டால் நடைக்கு நடை ஸ்பிரிங் மாதிரி மேலும் கீழும் ஆடும். சித்திரை வெயிலில், குளிர்சாதனம் இல்லாத மண்டபத்தில், ஓமப் புகையில் நின்றால் அதற்கடியில் சட்டை தெப்பமாகிவிடும். சான் பிரான்சிஸ்கோவின் பீக் டிசைன் செய்கிற ஸ்லைடு என்ற பட்டை கார் சீட் பெல்ட் போன்ற நைலானில், 45 மில்லிமீட்டர் அகலத்தில் வருகிறது. வழவழப்பாக நகரும், வேர்வை பட்டாலும் சீக்கிரம் காயும். நம் ஊர்ச் சூட்டுக்கு மெத்தையைவிட இந்த ஜாதிப் பட்டையே தேவலை.

பெண்கள் விஷயத்தை இந்தத் தொழில் வெகுகாலம் யோசிக்கவே இல்லை. தமிழ்நாட்டுக் கல்யாணங்களில் இப்போது பெண் புகைப்படக்காரர்கள் சாதாரணம். சேலையின் முந்தானை விழுவது இடது தோளில். ஸ்லிங் உட்காரவேண்டியதும் அதே இடது தோளில். முந்தானை கசங்கும், சேஃப்டி பின் குத்தும், பட்டை நெஞ்சுக்குக் குறுக்கே போய் இறுக்கும். பெண்களுக்கென்று வளைவாக வெட்டிய பட்டைகள் பிற்பாடுதான் வந்தன. குர்தாவும் பேன்ட்டுமாக வேலைக்கு வரும் பெண் ஒருவர் சொன்ன காரணம் எளிமையானது: "சேலைல போனா அத்தைங்க மரியாதையாப் பேசுறாங்க. ஆனா ரெண்டு கேமரா தூக்க முடியல."

இனி திருகாணி.

ஸ்லிங்கின் கொக்கி பெரும்பாலும் கேமராவின் அடியில், முக்காலி மாட்டும் துளையில் திருகப்படுகிறது. கேமரா அதில் வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்கும். அந்தத் துளை இப்படிப்பட்ட கேமராக்களில் உலகம் முழுக்க ஒரே அளவு: கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 20 மரை. ஒரு முழுச் சுற்றுக்குத் திருகு நகர்வது 1.27 மில்லிமீட்டர். துளையின் ஆழமோ அரை சென்டிமீட்டர் பக்கம். ஆக, இரண்டு லட்சம் ரூபாய்ச் சாமானுக்கும் தரைக்கும் நடுவில் இருப்பது ஏறக்குறைய நாலு சுற்று. நடக்கும்போது கேமரா ஆடுகிற ஒவ்வொரு ஆட்டமும் அந்தத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தப் பார்க்கும்.

நம்மவர் முதலில் வாங்கியது சில நூறு ரூபாய்க்குக் கிடைத்த பெயர் தெரியாத பட்டை. திருகுக்கும் கேமராவுக்கும் நடுவில் இருக்கவேண்டிய ரப்பர் வாஷர் அதில் மெல்லிய பிளாஸ்டிக்காக இருந்தது. மூன்றாவது கல்யாணம், வரவேற்பு மேடை, மணமக்களுக்கு மோதிரம் போட ஒரு தாய்மாமன் ஏறிக்கொண்டிருக்கிறார். இவர் இடுப்புப் பக்கம் திடீரென்று லேசானது. வலியெல்லாம் போய் உடம்பு காற்றாய்விட்ட மாதிரி ஒரு சுகம், அரை நொடி. பிறகு 'தொப்'. சிவப்புக் கம்பளம் காப்பாற்றியது, லென்ஸின் ஹூட் மட்டும் இரண்டாக உடைந்தது. தாய்மாமன் மேடையில் அப்படியே நின்று, "அடி பட்டுச்சா?" என்று கேமராவைப் பார்த்துக் கேட்டார்.

அன்றிலிருந்து சில பழக்கங்கள். வாஷர் கெட்டி ரப்பராக இருக்கவேண்டும், அது நசுங்கும் அளவுக்குத் திருகவேண்டும். கொக்கியிலிருந்து கேமராவின் காதுக்குத் தனியாக ஒரு சின்னக் கயிறு. திருகு கைவிட்டாலும் அது பிடிக்கும். 70-200 மாதிரி பெரிய லென்ஸ் போட்டால் கொக்கியைக் கேமரா அடியில் மாட்டுவதில்லை, லென்ஸோடு வரும் வளையத்தின் காலில் மாட்டுகிறார். லென்ஸ்தான் கேமராவைவிடக் கனம். அங்கே பிடித்தால் தராசு போலச் சமமாகத் தொங்கும், இரண்டும் சேரும் இணைப்பிலும் இழுவிசை விழாது. திருகையே நம்பாதவர்கள் பீக் டிசைன் பாணியில் பொத்தான் போன்ற வட்டுகளைக் கேமராவின் காதில் கட்டிக்கொள்கிறார்கள். அந்த மெல்லிய கயிறு 90 கிலோ வரை தாங்கும் என்பது நிறுவனக் கணக்கு. கறுப்பு மேலுறை தேய்ந்தால் உள்ளேயிருந்து வேறு நிறம் எட்டிப் பார்க்கும், மாற்று என்று அர்த்தம்.

ஸ்லிங்கால் ஆகாத இடமும் உண்டு. மதுரைச் சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்துக் கூட்டத்தில் இடுப்பில் தொங்கும் கேமரா அடுத்தவர் முழங்கையிலும் பிள்ளைகள் தலையிலும் மோதும், பட்டை யார் பையிலாவது சிக்கும். தோல் பையிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் வேறு. அங்கே கேமராவை நெஞ்சோடு அணைத்து, பட்டையை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்வதே நல்லது. பைக்கில் போகும்போது பைக்குள் வைத்துவிடவேண்டும்.

இப்போது அவருக்குப் பின்கழுத்துக் கோடு இல்லை. நாலு கிலோ எங்கும் போய்விடவில்லை. இரட்டை முகூர்த்த நாளில் இடது தோளில் மங்கலாக ஒரு தடம் தெரிகிறது, மனைவி தைலத்தை அங்கே தேய்க்கிறார். மிரர்லெஸ் கேமராவுக்கு மாறினால் கேனான் ஆர்6 680 கிராம், அதற்குரிய 70-200 லென்ஸ் 1,070 கிராம், ஆக ஒரு பக்கம் மட்டும் 600 கிராமுக்கு மேல் குறையும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். பணம்தான் இன்னும் கணக்குக்குள் வரவில்லை.

அவரிடம் வேலை கற்கும் பையனுக்கு இருபது வயது. அவனுக்கும் ஒரு ஸ்லிங் வாங்கிக் கொடுத்தார். அது பைக்குள்ளேயே கிடக்கிறது. பையன் கழுத்தில் தொங்குவது அதே பழைய இலவச பெல்ட், பெயர் வெளியே தெரியும்படி. கேட்டால், "இதப் போட்டிருந்தாத்தாண்ணே போட்டோகிராஃபர்னு தெரியுது. பந்தியில கூப்பிட்டு ஒக்கார வெக்கிறாங்க" என்கிறான்.